கைம்மாறு காணாத நன்றி

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



ஒருவர் நமக்கு உதவினால் நாம் திரும்ப உதவுகிறோம். அத்துடன் கணக்கு நேராகிவிடுகிறது. எம்பெருமான் உதவினால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை நம்மாழ்வார் திருவாய்மொழியில் எழுப்பிக்கொண்டு, கொடுப்பதற்குத் தம்மிடம் ஒன்றும் இல்லை என்று திகைத்து நிற்கும் இடங்கள் இரண்டு. 2-ஆம் பத்து 3-ஆம் திருவாய்மொழியின் 4-ஆம் பாசுரம் ஒன்று. 7-ஆம் பத்து 9-ஆம் திருவாய்மொழியின் 10-ஆம் பாசுரம் மற்றொன்று. இவ்விரண்டையும் பல ஆண்டுகளாக ஸேவித்து வந்தும், அந்தத் திகைப்பின் பொருளை அடியோம் அறிந்தோமல்லோம். சென்ற மார்கழியில் அடியோங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றால் அது சிறிது விளங்கிற்று. தன் வீட்டுக் கதையை இதழில் எழுதுவது அடக்கத்துக்கு ஒவ்வாது என்று தயங்கினோம். ஆயினும், கடல் கடந்து வாழும் பாகவதர்கள் பலருக்கு இது நேரக்கூடியதே என்பதாலும், அதில் அடியோம் செய்த பிழை ஒன்று பிறருக்குப் பயன்படக்கூடும் என்பதாலும் எழுதத் துணிந்தோம்.

மார்கழி 12-ஆம் நாள். ஸ்ரீரங்கத்தில் அடியோங்கள் அகத்தில் விடியற்காலை ஐந்தரை மணி. அன்றைய திருப்பாவைப் பாசுரத்தில், உறங்குகிறவளை எழுப்ப வந்த ஆய்ப்பெண்கள் வாசற்காலைப் பற்றிக்கொண்டு, பனி தலையில் விழ நிற்கிறார்கள். அதை ஸேவித்துக் கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரில் இருக்கும் நாட்டுப்பெண்ணின் குரல். அங்கே அப்போது முந்தைய நாள் மாலை ஏழு மணி. இருட்டி வெகுநேரம் ஆகியிருந்தது. அடியோங்கள் குமாரனின் கார் விபத்துக்கு உள்ளாகி, அவனை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அவன் அலுவல் நிமித்தம் ஈரி நகரத்துக்குச் சென்று, 79-ஆம் எண் நெடுஞ்சாலையில் திரும்பிக் கொண்டிருந்தான். ஈரி நகரம் அதே பெயருள்ள பேரேரியின் கரையில் இருக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் வடக்கேயிருந்து வரும் கடுங்காற்று, இன்னும் உறையாத ஏரியின் மேல் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, இக்கரையில் பனியாகக் கொட்டும். சாலைகளில் உப்புத் தூவி வைப்பார்கள். உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்தும். குளிர் மிகுந்தால் உப்பின் வலிமையும் குன்றிவிடும். மண்ணின் மேல் போட்ட சாலைக்குப் பூமியின் வெப்பம் சிறிது துணை நிற்கிறது. பாலத்துக்கோ மேலும் கீழும் குளிர்காற்றே. ஆகையால் சாலைக்கு முன்னே பாலம் உறைந்துவிடுகிறது. உறைந்த படலம் கண்ணாடிபோல் மெல்லியது. அதன் ஊடே தார் தெரிவதால் ஈரச்சாலை என்றே ஓட்டுகிறவர் எண்ணுவார். இதைக் கரும்பனி என்கிறார்கள்.

அப்படி ஒரு பாலத்தின் மேல், பின்னால் வந்த கார் கட்டுப்பாடு இழந்து வழுக்கி, அடியோங்கள் குமாரனின் காரை மோதிற்று. இரண்டு வண்டிகளும் பாலத்தின் முடிவில் சாலையை விட்டு இறங்கிச் சரிவில் உருண்டன. அவனுக்கு இடது தொடை எலும்பு முறிந்தது. விலா எலும்புகள் மூன்று முறிந்தன. இருக்கைவாரும் காற்றுப்பையும் அவன் தலையையும் மார்பையும் காத்தன. அவ்வழியே வந்த ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, சரிவில் இறங்கி, தம் கம்பளியை அவன்மேல் போர்த்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே அமர்ந்திருந்தாராம். பிறகு தம் பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். திரௌபதிக்குக் கண்ணன் புடவையாக வந்தான் என்று உபந்யாஸங்களில் கேட்டிருக்கிறோம். கம்பளியாகவும் வருவான் என்று அன்று அறிந்தோம்.

அன்று காலை முழுவதும் அடியோங்கள் செய்தது ப்ரார்த்தனை என்று சொல்லத் தகாது; வெறும் கதறல். ஏழுமலையானுக்கு முடி காணிக்கை, நம்பெருமாளுக்குத் தளிகை, பாகவதர்களுக்குத் ததீயாராதனம் என்று தேவிகள் ஒவ்வொன்றாக நேர்ந்துகொண்டாள். சரணாகதி செய்தவன் உடலைப் பற்றிய பலன்களை அவனிடம் கேட்பது ஸ்வரூபத்துக்குச் சேராது என்று பெரியோர் ஸாதிப்பர். அறிந்தும் கேட்டோம். குழந்தை அழும்போது இலக்கணம் பார்த்து அழுவதில்லை. தாயும் இலக்கணம் பார்த்து எடுப்பதில்லை.

நான்காம் நாள் அடியோங்கள் இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தோம். அறுவை முடிந்து, தொடையில் உலோகத் தண்டு பொருத்தப்பட்டு, குமாரன் கண் விழித்துப் பேசினான். "அப்பா, ஸந்தியாவந்தனம் நாலு நாளாக விட்டுப்போச்சு" என்றான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்று மாலை அடியோம் ஒரு காரியம் செய்தோம். முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் அலுவல் பார்த்த பழக்கம் கையை விட்டுப் போகுமோ? கைப்பையிலிருந்த குறிப்பேட்டில், நேர்ந்துகொண்டவற்றை எல்லாம் வரிசையாக எழுதி, எதிரே நிறைவேற்ற வேண்டிய தேதிகளையும் குறித்தோம். ஊர் திரும்பியதும் ஒவ்வொன்றாக முடித்துக் கோடு கிழித்துவிட வேண்டும் என்பது எண்ணம். அதற்குள் உறவினர்களின் தொலைபேசி அழைப்புகள். "பெருமாள் உங்கள் பக்கம் இருந்தார்" என்று சொல்லாதவர் இல்லை. அடியோமும் அதை மறுக்கவில்லை. உள்ளே சிறிது பெருமிதமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அந்த இரவுதான் மற்றச் செய்தி தெரிந்தது. பின்னால் வந்து மோதிய காரை ஓட்டியவன் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவன். விடுமுறையில் வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்தான். அவன் பிழைக்கவில்லை.

இதைக் கேட்ட உறவினர் ஒருவர், "தவறு அவனுடையதுதானே" என்றார். சொல்ல நாணமாக இருக்கிறது. ஒரு கணம் அந்தச் சொல் அடியோமுக்கும் ஆறுதலாகவே இருந்தது. தேவிகள்தான் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பிள்ளையின் அம்மாவும் அதே நேரத்தில் அதே மாதிரி வேண்டிக்கொண்டுதானே இருந்திருப்பாள்? இப்போது அவள் யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வாள்?" என்று கேட்டாள்.

இதற்கு அடியோமிடம் விடை இல்லை. இன்றும் இல்லை. அவரவர் வினை என்று சொல்லிவிடலாம், அது ஸாஸ்த்ரம்தான். ஆனால் தன் துன்பத்தைத் தான் பொறுத்துக்கொள்வதற்காகத் தரப்பட்ட மருந்து அது; அடுத்தவன் துன்பத்தை அளக்கும் கோலாக அதை எடுப்பது பாகவத லக்ஷணமன்று. விடை இல்லை என்றாலும், ஒன்று மட்டும் தெளிவாயிற்று. "எங்கள் பக்கம் இருந்தார்" என்ற சொல் பிழை. எம்பெருமான் ஸர்வலோக சரண்யன். ஸகல ஆத்மாக்களிலும் அந்தர்யாமியாய் இருப்பவன். அந்தப் பிள்ளையின் கடைசி மூச்சிலும் அவனே உள்ளிருந்தான். அவனுக்கு ஒரு பக்கம் இல்லை. இருக்கிறது என்று எண்ணியபோதே அடியோங்கள் நன்றி கெட்டுவிட்டது.

உறக்கம் வராமல் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் அமர்ந்து, மேலே சொன்ன திருவாய்மொழிப் பாசுரங்களை நினைத்தோம். 2-ஆம் பத்துப் பாசுரத்தில் ஆழ்வார், தம் ஆத்மாவோடு எம்பெருமான் ஒரு நீராகக் கலந்த பேருதவியை நினைத்து நெகிழ்கிறார். பதிலாக எதையாவது கொடுத்தே தீரவேண்டும் என்ற தவிப்பில், தம் ஆத்மாவையே கொடுத்துவிடுகிறார். கொடுத்த கை இன்னும் நீட்டியபடியே இருக்கும்போது தெளிவு வருகிறது: இந்த ஆத்மாவுக்கு ஆத்மா அவன், கொடுக்க நான் யார், கொடுக்கப்பட்டது யாருடையது? தந்தவனும் அவனே, கொண்டவனும் அவனே. 7-ஆம் பத்துப் பாசுரத்தில், தம்மைக் கருவியாகக் கொண்டு எம்பெருமான் தன்னைத் தானே இனிய கவிகளால் பாடிக்கொண்ட உதவியை நினைக்கிறார். அங்கும் ஆத்மாவைக் கொடுக்கலாமா என்று எண்ணி, ஆராய்ந்து பார்க்கையில் அதுவும் அவனுடையதே என்று கண்டு, இவ்வுலகத்திலும் அவ்வுலகத்திலும் தாம் செய்யக்கூடிய கைம்மாறு ஒன்றுமில்லை என்று கைவிடுகிறார். முதலிடத்தில் கொடுத்த பிறகு தெளிந்தார். இங்கே கொடுக்கும் முன்பே தெளிந்தார். இரண்டுக்கும் இடையே உள்ள வளர்ச்சி அடியோமுக்கு அந்தத் தாழ்வாரத்தில்தான் கண்ணில் பட்டது.

இதை அடியோம் அறிந்த தொழிலைக் கொண்டே விளங்கிக்கொண்டோம். சில வங்கிக் கிளைகளில் கரன்ஸி செஸ்ட் என்ற பெட்டகம் இருக்கும். அதில் கட்டுக்கட்டாக நோட்டுகள் அடுக்கியிருக்கும். கிளையின் காப்பறைக்குள்தான் இருக்கிறது. சாவிகளும் கிளையின் அதிகாரிகள் இருவரிடம்தான். ஆயினும் அந்தப் பணம் கிளையினுடையதன்று, ரிஸர்வ் வங்கியினுடையது. கிளையின் ரொக்கக் கையிருப்பில் அதைச் சேர்த்து எழுதக்கூடாது. அடியோமும் சில ஆண்டுகள் அந்தச் சாவியை இடுப்பில் கட்டியிருந்தோம். ஒருநாளும் அது நம் பணம் என்று நினைத்ததில்லை. ஆனால் பிள்ளையை மட்டும் முப்பத்தெட்டு ஆண்டுகளாக நம் கையிருப்பில் எழுதி வைத்திருந்தோமே! ஆத்மாவைத் தன்னுடையது என்று நினைப்பதை ஆத்மாபஹாரம், அதாவது திருட்டுகளில் தலையானது என்று ஆசார்யர்கள் ஸாதித்திருக்கிறார்கள். அடியோங்களிடம் இருந்தது சாவி மட்டுமே.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தாமாகவே புலப்பட்டன.

முதலாவது, காவல். பெட்டகம் நம்முடையதன்று என்பதால் பூட்டாமல் விடுவாரில்லை. பிறருடையது என்பதாலேயே இருமுறை பூட்டிப் பார்ப்போம். அதுபோல, அவன் ரக்ஷகன் என்ற மஹாவிச்வாஸம் இருக்கைவாரைக் கட்டாமல் இருப்பதற்குக் காரணமாகாது. இந்தச் சரீரம் அவன் சொத்து. அதைக் கவனமாகப் பேணுவதும் கைங்கர்யமே. பனி நாடுகளில் வாழும் பாகவதர்கள், குளிர்காலத்துக்கு உரிய டயர்களை மாற்றிக்கொள்வதையும், பாலத்தை அணுகும் முன்பே வேகத்தைக் குறைப்பதையும், உறைந்த இடத்தில் பிரேக்கைத் திடீரென்று அழுத்தாமல் இருப்பதையும், வண்டியில் ஒரு கம்பளியை வைத்திருப்பதையும் அப்படியே கொள்ளப் ப்ரார்த்திக்கிறோம்.

இரண்டாவது, கடன். வங்கியில் கடனை முழுதும் அடைத்தவருக்கு நிலுவை இல்லை என்று சான்று கொடுப்போம். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு போவார். பிறகு கிளைப் பக்கம் வரமாட்டார். வரவேண்டிய காரணம் அவருக்கு இல்லை. குறிப்பேட்டில் நேர்த்திகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகக் கோடு கிழிக்க நினைத்த அடியோம், எம்பெருமானிடம் கேட்டதும் அத்தகைய ஒரு சான்றுதானோ? தளிகையும் ததீயாராதனமும் செய்யவேண்டியவையே. சொன்ன சொல்லைத் தவறலாகாது. ஆனால் அவற்றால் கணக்கு முடிந்தது என்று எண்ணுவது, அவனோடு உள்ள உறவையே முடித்துக்கொள்வதாகும். கைம்மாறு இல்லை என்று ஆழ்வார் அருளிச்செய்தது வருத்தத்தாலன்று. அடைக்க முடியாத கடன் இருக்கும்வரை அவன் வாசலுக்கு நாம் போய்க்கொண்டே இருக்கலாம் அன்றோ!

அப்படியானால் நன்றி என்ன செய்யும்? அவனுக்குத் திரும்பத் தர ஒன்றும் இல்லாதபோது, அது அவனுடையவர்களை நோக்கிப் பெருகும். இதற்குக் கூரத்தாழ்வான் நமக்கு வழிகாட்டி. சோழனின் சபையில், எம்பெருமானாருக்குப் பதிலாகத் தாம் காஷாயம் உடுத்துச் சென்ற ஆழ்வான் கண்களை இழந்தார். அவரைக் காட்டிக்கொடுத்தவன் நாலூரான். பின்னாளில், காஞ்சியில் பேரருளாளனிடம் கண்களை வேண்டிப் பெறும்படி எம்பெருமானார் நியமித்தார். ஆழ்வான் வரதராஜஸ்தவத்தை விண்ணப்பித்தார். பெருமாள் உகந்து, வேண்டியதைக் கேள் என்று அருளியபோது, ஆழ்வான் கேட்டது கண்ணையன்று. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று கேட்டார் என்பது குருபரம்பரை காட்டும் வரலாறு. தமக்குத் தீங்கு இழைத்தவனையும் விட்டு ஒரு பேற்றை அனுபவிக்க அந்தத் திருவுள்ளம் இசையவில்லை.

அங்கே நாலூரான் அறிந்தே தீங்கு செய்தவன். இங்கே அந்தப் பிள்ளை செய்த தீங்கு என்ன? கண்ணுக்குத் தெரியாத பனியில் வழுக்கினான், அவ்வளவே. அடியோங்கள் குமாரனும் இதையே வேறு சொற்களில் சொன்னான். "அப்பா, அரை நிமிஷம் முன்னே பின்னே ஆகியிருந்தால், வழுக்கிப்போய் அவன்மேல் மோதினது நானாக இருந்திருப்பேன்."

ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் அவன் விரும்பியபடி முதலில் சென்றது பிட்ஸ்பர்க்கில் பென் ஹில்ஸ் குன்றின் மேல் இருக்கும் ஸ்ரீவேங்கடேச்வரர் ஸந்நிதிக்கு. 1976-ஆம் ஆண்டு எழுந்த அந்தக் கோயில், அமெரிக்காவில் நம் முறைப்படி அமைந்த பழைய திருக்கோயில்களில் ஒன்று. வெளியே பனி மூடிய மரங்கள். உள்ளே துளசியின் மணம். அர்ச்சகர் யார் பெயருக்கு அர்ச்சனை என்று வினவினார். குமாரன் தன் பெயரைச் சொல்லி, பிறகு அந்தப் பிள்ளையின் பெயரையும் சொன்னான். கோத்ரமும் நக்ஷத்ரமும் தெரியாது என்றான். அர்ச்சகர் ஒன்றும் கேட்கவில்லை. பெருமாள் திருநக்ஷத்ரமான திருவோணத்தையே சொல்லி ஸங்கல்பம் செய்துவைத்தார்.

அதன் பிறகு, மிகவும் தயங்கி, அந்தத் தாயாருக்குச் சில வரிகள் எழுதினோம். ஆறுதல் சொல்லும் தகுதி அடியோங்களுக்கு இல்லை. ஆகையால் ஆறுதல் சொல்லவில்லை. தங்கள் குமாரனை நினைக்கிறோம், அவன்மேல் அடியோங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று மட்டும் எழுதினோம். பதிலை எதிர்பார்க்கவில்லை. ஆறு வாரம் கழித்து வந்தது. நன்றி சொல்லியபின் ஒரே ஒரு கேள்வி: உங்கள் மகன் கோலில்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டானா? அவன் நன்றாக நடக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அந்தக் கடிதத்தைத் தேவிகள் பெருமாள் ஸந்நிதியில் வைத்தாள். எல்லாம் வல்ல எம்பெருமானுக்கும் என்ன தீங்கு வந்துவிடுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினவர் பெரியாழ்வார். தம் பேற்றைக் கருதாமல் எதிரில் இருப்பவனின் நலத்தையே கருதுவது மங்களாசாசனம். தன் பிள்ளையை இழந்த ஒரு தாய், வேறொருத்தியின் பிள்ளை நடக்கவேண்டும் என்று வேண்டினாள் என்றால், நம் ஸம்ப்ரதாயத்தின் பெயரைக்கூட அறியாத அந்த நெஞ்சில் எம்பெருமானே இருந்து அதைச் சொல்லுவித்தான் என்றே அடியோங்கள் கொண்டோம். நாங்கள் எழுதியது கடமை. அவர் எழுதியது க்ருபை. இதற்கும் கைம்மாறு இல்லை.

குமாரன் இப்போது கோலில்லாமல் நடக்கிறான். குளிர் நாட்களில் தொடை வலிக்கிறது என்கிறான். அந்தக் குறிப்பேடு அடியோமிடம் இன்னும் இருக்கிறது. நேர்ந்தவை அனைத்தும் நிறைவேறிவிட்டன. ஆனால் ஒன்றின்மேலும் கோடு கிழிக்கவில்லை. வருகிற மார்கழி 12-ஆம் நாள் அகத்தில் திருப்பாவை ஸாற்றுமுறை ஆனபின், இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொல்லித் தெண்டன் ஸமர்ப்பிப்பதாக இருக்கிறோம். அன்று இதை நினைவுகூர நேரும் பாகவதர்கள், அந்த லாரி ஓட்டுநருக்காகவும் அந்தத் தாயாருக்காகவும் ஒரு கணம் திருவுள்ளம் பற்றவேண்டும் என்று ப்ரார்த்திக்கிறோம். குற்றம் குறைகளைப் பொறுத்தருளவேண்டும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியோம், ராமாநுஜதாஸர்கள்.